தண்ணீரைத் தேடி இறங்கி வந்த ஊர்: சாலிஸ்பரியில் நான்கு நாள்

முதல் நாள், செவ்வாய்

சவுத்தாம்ப்டனிலிருந்து ரயிலில் அரை மணி நேரம்தான். மகள் அங்கேதான் வேலை பார்க்கிறாள். நான்கு நாள் லீவு போட்டுவிட்டு, "லண்டனை எப்ப வேணும்னாலும் பாத்துக்கலாம்மா, உனக்குன்னே ஒரு ஊர் பாத்து வச்சிருக்கேன்" என்று கூட்டிக்கொண்டு வந்தாள். பலகையில் இருப்பது சாலிஸ்பரி, ரயிலில் அறிவிப்பவர் சொல்வது 'சால்ஸ்பரி'. நான் எழுத்தில் உள்ளபடியே எழுதுகிறேன்.

எனக்கென்று பார்த்து வைத்ததற்குக் காரணம் உண்டு. பொதுப்பணித் துறையில் முப்பது வருடம் வேலை பார்த்தேன். பெரும்பகுதி ஏரி, வாய்க்கால், மதகு என்றே போனது. ஓய்வு பெற்ற பிறகும், எந்த ஊருக்குப் போனாலும் இங்கே தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றுதான் முதலில் கேட்பேன். சாலிஸ்பரியில் அந்தக் கேள்விக்கு ஐந்து பதில்கள். ஏவான், நாடர், வைலி, போர்ன், எப்பிள் என்று ஐந்து ஆறுகள் இந்த ஊரிலும் ஊரைச் சுற்றியும் வந்து கூடுகின்றன.

ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடையில் சந்தைத் திடல். இங்கே செவ்வாயும் சனியும் சந்தை. மூன்றாம் ஹென்றி மன்னர் 1227-ல் இந்த ஊருக்குப் பட்டயம் கொடுத்த காலத்திலிருந்து நடக்கிறது. பக்கத்துத் தெருக்களின் பெயர்களே என்னென்ன விற்றார்கள் என்று சொல்லிவிடுகின்றன: மீன் வரிசை, கசாப்பு வரிசை, ஓட்ஸ் மாவு வரிசை. கோழி விற்ற இடத்தில் 15-ஆம் நூற்றாண்டுக் கல்மண்டபம் ஒன்று நிற்கிறது. நாலா பக்கமும் திறந்த, தூண்கள் தாங்கும் சின்ன மண்டபம். இது போல நான்கு இருந்தனவாம், மிஞ்சியது இது ஒன்றுதான். அதனடியில் ஒரு பெரியவர் தக்காளிப் பையைக் கீழே வைத்துவிட்டு மழை விடக் காத்திருந்தார். எண்ணூறு வருடமாக அந்த இடத்துக்கு வேலை மாறவில்லை என்று தோன்றியது.

ஒரு தெருவின் பெயரில் மட்டும் நான் நின்றுவிட்டேன். 'நியூ கெனால்'. புது வாய்க்கால். தெருவில் கடைகளும் பஸ்களும் இருக்கின்றன, வாய்க்கால் மட்டும் இல்லை. "எங்கம்மா போச்சு?" என்று மகள் கேட்டாள். தூர்ந்து போயிருக்க வேண்டும், அல்லது தூர்த்திருக்க வேண்டும். தெருக்கள் கோடு போட்டது போல் நேராக, ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போவதைப் பார்த்தால், தண்ணீர் ஓட விடுவதற்கென்றே வாட்டம் பார்த்துப் போட்ட ஊர் மாதிரி இருந்தது. விசாரிக்க வேண்டும்.

புனித தாமஸ் தேவாலயத்தில் பத்து நிமிடம். பலிபீடத்துக்கு முன்னுள்ள வளைவின் மேல் இறுதித் தீர்ப்பு நாளைச் சுவர் முழுக்க வரைந்திருக்கிறார்கள். 1475 வாக்கில் வரைந்தது, மதச் சீர்திருத்தக் காலத்தில் சுண்ணாம்பு அடித்து மறைத்தது, 1819-ல் மறுபடி வெளிப்பட்டது.

மாலை ஐந்தரைக்குப் பேராலயத்தில் பாடல் வழிபாடு. யாரும் போய் உட்காரலாம். இன்று சிறுமிகளின் குழு பாடியது. இங்கிலாந்துப் பேராலயங்களில் பல நூற்றாண்டுகள் பையன்கள் மட்டுமே பாடிவந்தார்கள். சிறுமிகளுக்கென்று தனிப் பாடகர் குழுவை முதலில் தொடங்கியது இந்தப் பேராலயம்தான், 1991-ல். கட்டடத்தைப் பற்றி இன்று எதுவும் எழுதப் போவதில்லை. பாட்டு முடிந்த பிறகும் அந்த ஒலி மேலே எங்கேயோ இருந்துவிட்டு மெதுவாக இறங்கியது. அதைக் கேட்டபடியே எழுந்து வந்தோம்.

இரண்டாம் நாள், புதன்

இன்று முழுக்கப் பேராலயம். காலை ஒன்பதரைக்குப் போனவர்கள் நாலு மணிக்குத்தான் வெளியே வந்தோம்.

பேராலயத்தைச் சுற்றிப் பெரிய மதில். உள்ளே 80 ஏக்கர் வளாகம், புல்வெளி, பழைய வீடுகள். இன்றும் இரவு பதினொரு மணிக்கு வாசல்களைப் பூட்டுகிறார்கள். மதிலை ஒட்டி நடந்தபோது சில கற்களில் பூவேலையும் வளைவுக் கோடுகளும் தெரிந்தன. ஒன்று தலைகீழாக இருந்தது. மதிலுக்காகச் செதுக்கிய கல் அல்ல. வேறொரு கட்டடத்தில் இருந்து பிரித்து வந்த கல். எங்கிருந்து என்பது நாளைக்கு.

கட்டடத்தின் கதை இதுதான். 1220 ஏப்ரல் 28 அன்று ஆயர் ரிச்சர்ட் பூர் அடிக்கல் நாட்டினார். 1258-ல் திருநிலைப்படுத்தினார்கள். 38 வருடத்தில் ஒரே கையால் வரைந்தது போல் ஒரே பாணியில் முடித்துவிட்டார்கள். மற்ற ஊர்களில் ஒரு பேராலயத்தை முன்னூறு வருடம் கட்டி, ஒவ்வொரு தலைமுறையும் ஒவ்வொரு பாணியில் ஒட்டியிருப்பார்கள். இங்கே அப்படி இல்லை. நடுக்கூடத்தின் மேற்குக் கோடியில் நின்று பார்த்தால் தூண்கள் ஒரே சீராகக் கிழக்கே போகின்றன. கறுத்த மெல்லிய தூண்கள் பர்பெக் கல், டார்செட் கடற்கரைப் பக்கத்துச் சுண்ணாம்புக் கல். கிட்டே போய்க் கண்ணை வைத்துப் பார்த்தேன். மெருகேற்றிய பரப்பு முழுக்கக் குட்டிக் குட்டி நத்தைக் கூடுகள், வெட்டுப்பட்டுச் சுருள் சுருளாகத் தெரிகின்றன. நன்னீர் நத்தைகள். தூணே ஒரு காலத்தில் தண்ணீருக்கு அடியில் கிடந்தது.

அந்த 38 வருடக் கட்டடத்தில் கோபுரம் கிடையாது. நடுவில் குட்டையான ஒரு மாடம் மட்டும். பிறகு வந்தவர்கள் 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் மேல் கோபுரமும், அதன் மேல் ஊசி போன்ற கூம்பும் ஏற்றினார்கள். உயரம் 123 மீட்டர், இன்றும் பிரிட்டனிலேயே உயரமான கூம்பு. ஏற்றிய எடை சுமார் 6,500 டன். அஸ்திவாரத்தின் ஆழமோ நான்கு அடி.

வழிகாட்டியாக வந்த முதியவர் நான்கு அடி என்று சொன்னதும், சரியாகத்தான் கேட்டேனா என்று மகளிடம் திரும்பிக் கேட்டேன். நான்கு அடிதான். கீழே ஆற்றுப் படுகையின் சரளை, அதில் வருடம் முழுக்கத் தண்ணீர். பாறை இல்லை. நம் சைட்டில் ஒரு கான்ட்ராக்டர் இந்த வரைபடத்தைக் கொண்டு வந்திருந்தால் கையெழுத்துப் போட்டிருக்கவே மாட்டேன். கட்டியவர்கள் இவ்வளவு எடைக்காக அந்த அஸ்திவாரத்தைப் போடவில்லை. பின்னால் வந்தவர்கள்தான் ஏற்றிவிட்டார்கள்.

அதன் விளைவைக் கண்ணால் பார்க்கலாம். நடுவில் கோபுரத்தைத் தாங்கும் நான்கு பெரிய தூண்களில் ஒன்றின் அடியில் நின்று, தலையைத் தூணோடு ஒட்டி மேலே பார்க்கச் சொன்னார். பார்த்தேன். தூண் வளைந்திருக்கிறது. கல் தூண், வில் மாதிரி, லேசாக. இத்தனை நூற்றாண்டுகளாக அப்படியே நிற்கிறது. வளைவு இன்னும் கூடாமல் இருக்க, தூண்களுக்கு நடுவே குறுக்காகக் கல் வளைவுகள் கட்டியிருக்கிறார்கள். கிழக்குப் பக்கத்தில் ஒரு வளைவின் முதுகில் இன்னொரு வளைவைக் கவிழ்த்து வைத்தது போல் இருக்கிறது. அலங்காரம் என்றுதான் முதலில் நினைத்தோம். முட்டுக் கொடுத்தது.

1668-ல் கிறிஸ்டோபர் ரென் வந்து அளந்தார். பின்னாளில் லண்டன் புனித பவுல் பேராலயத்தைக் கட்டியவர். கூம்பு தென்மேற்கே சுமார் 75 செ.மீ. சாய்ந்திருப்பதைக் கண்டார். நம் கொத்தனார் சுவருக்குத் தூக்குக்குண்டு விட்டுப் பார்ப்பாரே, அந்தச் சோதனையைத்தான் உச்சியிலிருந்து தரை வரைக்கும் செய்திருக்கிறார்கள். தரையில் அதற்கான குறி இருக்கிறது. அதன் பிறகு பெரிதாக நகரவில்லை.

அப்புறம் எங்கள் வழிகாட்டி முதியவர் செய்ததுதான் எனக்கு இந்தப் பயணத்திலேயே மறக்காத காட்சி. தரைக் கல் ஒன்றில் பதித்திருந்த சின்ன மூடியைத் தூக்கினார். கையளவு துளை. அதற்குள் ஒரு நீளமான குச்சியை விட்டு எடுத்தார். நுனி நனைந்திருந்தது. "தண்ணீர் மட்டம்" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. ஏரியில் அளவுக்கல் பார்க்கிற லஸ்கர் முகத்தில் ஒரு கவனம் இருக்கும். அதே கவனம். நானும் குச்சியை வாங்கி ஈரம் எதுவரை என்று பார்த்தேன். நாங்கள் நின்ற தரைக்குக் கொஞ்சம் கீழே, 6,500 டன் கூம்புக்கு அடியில், தண்ணீர்.

பொதுவாக வருகிறவர்கள் தேடி வருவது மாக்னா கார்ட்டா என்ற மகா சாசனத்தை. 1215-ல் ஜான் மன்னர் பிரபுக்களுக்குக் கொடுத்த உறுதிமொழி. அந்த வருடத்துப் பிரதிகளில் மிஞ்சிய நான்கில் ஒன்று இங்கே, எண்கோண மண்டபத்தில், இருட்டடித்த கூடாரத்துக்குள். ஒரே தோலில் லத்தீன் எழுத்து, எறும்பு வரிசை போல் நெருக்கமாக. யாருக்கும் நீதியை விற்கமாட்டோம், மறுக்கமாட்டோம், தாமதிக்கமாட்டோம் என்ற வரி அதில் எங்கே இருக்கிறது என்று காவலரிடம் கேட்டோம். கண்ணாடி மேல் விரல் படாமல் காட்டினார். மகள் ரொம்ப நேரம் அங்கேயே நின்றாள். கிழக்குக் கோடியில் இருக்கும் நீலக் கண்ணாடிச் சன்னல், கருத்துக்காகச் சிறையில் அடைக்கப்பட்டவர்களுக்கென்று 1980-ல் வைத்தது. பிரான்ஸின் கப்ரியேல் லுவார் செய்தது. சாசனத்தையும் சன்னலையும் ஒரே நாளில் பார்ப்பது நல்லது. இரண்டாவது இல்லாமல் முதலாவது பழம்பொருளாக நின்றுவிடும்.

1386 வாக்கிலான இரும்புக் கடிகாரத்துக்கு முகம் இல்லை, முள் இல்லை. மணி மட்டும் அடிக்கும். ஓடுகிற இயந்திரக் கடிகாரங்களில் உலகிலேயே பழையது இதுதான் என்கிறார்கள்.

நடுக்கூடத்தில் ஞானஸ்நானத் தொட்டி, சிற்பி வில்லியம் பை செய்தது, 2008. அகன்ற வெண்கலத் தொட்டியின் நான்கு மூலையிலிருந்தும் தண்ணீர் நூல் போல் வழுக்கி இறங்குகிறது, ஆனால் மேற்பரப்பு அசைவதே இல்லை. மேற்கூரையின் வளைவுகள் முழுதாக அதற்குள் தெரிகின்றன. வழியும் விளிம்பின் மட்டத்தில் மயிரிழை பிசகினால்கூட ஒரு மூலையில் மட்டும் கொட்டும். எவ்வளவு பொறுமையாக மட்டம் பார்த்திருப்பார்கள்!

மதியம் கோபுரம் ஏறினோம். 332 படி, பாதிக்கு மேல் ஆள் ஒடுங்கிப் போகிற சுழல் படி. மூட்டு வலித்தது, நின்று நின்று ஏறினேன். கூம்புக்குள் நிமிர்ந்து பார்த்தால் உச்சி வரை மரச் சாரம். கட்டும்போது போட்டதைப் பிரிக்காமல் விட்டிருக்கிறார்கள். கல் ஏற்றிய மர உருளைச் சக்கரமும் இருக்கிறது, ஆள் உள்ளே நடந்து சுழற்றுவது. வெளியே வந்தால் வல்லூறு ஒன்று எங்கள் கண் மட்டத்தில் சுற்றியது. 2014 முதல் இந்தக் கோபுரத்தில் வல்லூறுகள் குஞ்சு பொரிக்கின்றன.

வடக்கே ஒரு மொட்டைக் குன்று தெரிந்தது. "அதுதாம்மா நாளைக்கு" என்றாள்.

மூன்றாம் நாள், வியாழன்

பஸ்ஸில் பத்து நிமிடம். ஓல்டு சேரம், பழைய சாலிஸ்பரி. இரும்புக் கால மக்கள் வெட்டிய பெரிய அகழிக்குள், நார்மன்கள் கட்டிய கோட்டையும் முதல் பேராலயமும். 1092-ல் திருநிலைப்படுத்திய சில நாட்களிலேயே புயல் அதைச் சிதைத்தது. மறுபடி கட்டினார்கள், பெரிதாக்கினார்கள். இன்று புல்லுக்குள் அஸ்திவாரக் கோடுகள் மட்டும்.

மேலே ஏறியதும் ஏன் விட்டுப் போனார்கள் என்று யாரும் விளக்க வேண்டியதாக இல்லை. காற்று நிற்க விடவில்லை. தண்ணீர் இல்லை. கோட்டை நடுவில் கிணறு இருக்கிறது, ஆழமான கிணறு, ஒரு படைக்கும் ஒரு திருச்சபைக்கும் அது எப்படிப் போதும்? கோட்டைச் சிப்பாய்களும் குருமார்களும் சண்டை போட்டுக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் போப்பின் அனுமதி வாங்கி, ஆயர் பூர் எல்லோரையும் அழைத்துக்கொண்டு ஆறு கூடும் பள்ளத்துக்கு இறங்கினார். ஆயர் விட்ட அம்பு ஒரு மானில் பட்டு, அந்த மான் ஓடி விழுந்த இடத்தில் புதுக் கோயில் என்று கதை சொல்வார்கள். தண்ணீர்க் காரணமே எனக்குப் போதும். பழைய பேராலயத்தைப் பிரித்த கற்கள்தான் நேற்று மதிலில் பார்த்தவை. பூவேலைக் கல் தலைகீழாக இருந்ததே, அது இங்கே எந்த வளைவில் இருந்திருக்கும் என்று அந்தப் புல் கோடுகளுக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊர் இறங்கிப் போன பின்னும் குன்றுக்கு ஒரு உரிமை மட்டும் மிஞ்சியது. ஆளே இல்லாத இந்த இடம் 1832 வரை பாராளுமன்றத்துக்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பியது. நிலம் யார் கையிலோ அவர் சொல்பவர்தான் உறுப்பினர். அந்த நிலத்தை 1691 வாக்கில் வாங்கியவர் தாமஸ் பிட்.

பெயரைக் கேட்டதும் நின்றேன். சென்னைக்காரர்களுக்குத் தெரிய வேண்டிய பெயர். 1698 முதல் 1709 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் கவர்னர். 1702-ல் முகலாயத் தளபதி தாவூத் கான் மூன்று மாதம் கோட்டையை முற்றுகை இட்டபோது தாக்குப்பிடித்தவர். திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு ஆகிய ஐந்து கிராமங்கள் 1708-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வந்தது இவர் காலத்தில். அதே சென்னையில் ஜாம்சந்த் என்ற வியாபாரியிடம் 410 காரட் பட்டை தீட்டாத வைரத்தை 48,000 வராகனுக்கு வாங்கினார். கிருஷ்ணா ஆற்றுப் பக்கத்துச் சுரங்கத்தில் கிடைத்த கல். பட்டை தீட்டிய பின் 1717-ல் பிரான்ஸின் அரசப் பிரதிநிதிக்கு விற்றார். இன்று பாரிஸ் லூவ்ரில் இருக்கிறது. அவர் பேரன் வில்லியம் பிட் 1735-ல் இந்த ஆளில்லாக் குன்றின் உறுப்பினராகத்தான் பாராளுமன்றத்துக்குள் நுழைந்தார், பிறகு நாட்டையே நடத்தினார்.

இறங்கும்போது ஆற்றை ஒட்டி ஸ்ட்ராட்ஃபோர்டு கிராமம் வழியாக நடந்தோம். அங்கே சின்னத் தேவாலயத்தின் கோபுரத்தில், தரையிலிருந்து படிக்கிற மாதிரி பெரிய எழுத்தில், தாமஸ் பிட், கொடையாளர் என்று செதுக்கியிருக்கிறது. வருடம் 1711. சென்னையை விட்டுக் கிளம்பி இரண்டு வருடம். அந்தக் கல்லுக்கு எங்கள் ஊர்ப் பணமும் போயிருக்கும். சுரங்கத்தில் அந்த வைரத்தை எடுத்தவன் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை. நடந்து திரும்பும் வரை அதுவே மனசில் இருந்தது. மகளிடம் சொன்னேன். "நுங்கம்பாக்கத்துலதாம்மா நான் படிச்சேன்" என்றாள்.

ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்துக்குப் போகவில்லையா என்று சொந்தக்காரர்கள் மெசேஜில் கேட்டார்கள். இங்கிருந்து பக்கம்தான். ஆனால் போய்ப் பத்து நிமிடம் நின்று படம் எடுத்துத் திரும்ப மனசில்லை. இன்னொரு முறை, அதற்கென்றே.

இரவு நல்ல மழை.

நான்காம் நாள், வெள்ளி

மழை விட்டிருந்தது. முதலில் வளாகத்துக்குள் இருக்கும் அருங்காட்சியகம். முதல் நாள் கேள்விக்கு இங்கே பதில் கிடைத்தது.

13-ஆம் நூற்றாண்டில் இந்த ஊரைப் போட்டபோதே தெருக்களில் திறந்த வாய்க்கால்கள் விட்டார்கள். குன்றில் தண்ணீருக்குத் தவித்தவர்கள் வாசலுக்கு வாசல் ஓடவிட்டார்கள். அறுநூறு வருடத்தில் அதுவே சாக்கடையும் ஆனது. 1849-ல் காலரா. இரண்டே மாதத்தில் 192 பேர் இறந்தார்கள். இங்கேயிருந்த மருத்துவர் ஆண்ட்ரூ மிடில்டன் வாய்க்கால்களை மூடிக் குழாய் போட வேண்டும் என்று விடாமல் வாதாடினார். எதிர்ப்பு இருந்தது. ஆனாலும் நடந்தது. தூர் எடுத்தபோது சேற்றுக்குள்ளிருந்து கரண்டி, சாவி, கத்தி, புண்ணியத் தலத்துக்குப் போனவர்கள் சட்டையில் குத்திக்கொண்ட ஈயப் பதக்கம் எல்லாம் வந்தன. அவற்றை வைக்கத்தான் 1860-ல் இந்த அருங்காட்சியகமே தொடங்கியது. 'வடிகால் சேகரிப்பு' என்றே பெயர்.

ஒரு சாவியின் முன் நின்றேன். சுண்டு விரல் நீளம், தலையில் வளையம். பெட்டிச் சாவியாக இருக்கும். யாரோ ஒருத்தி வாசலில் குனிந்தபோது இடுப்பிலிருந்து நழுவி, ஓடும் தண்ணீரில் போயிருக்கும். அன்று வீட்டில் எப்படித் தேடியிருப்பார்கள்!

அப்புறம் ஹார்னம் நீர்ப்புல்வெளி. ஓவியர் கான்ஸ்டபிள் பேராலயத்தை வரைந்த பக்கம். பாதையின் இருபுறமும் வாய்க்கால், குட்டி மதகுப் பலகைகள், ஆடுகள். பார்க்க வெறும் புல்வெளி. ஆனால் 17-ஆம் நூற்றாண்டிலிருந்து கட்டிய பாசன அமைப்பு. வரப்பு மேல் ஓடும் சிறு வாய்க்காலில் தண்ணீர் ததும்பி, புல் மேல் மெல்லிய படலமாக வழிந்து, பள்ளத்து வடிகாலில் இறங்கி மறுபடி ஆற்றுக்குப் போகும். சுண்ணாம்புப் பாறையிலிருந்து ஊறும் தண்ணீர் குளிர்காலத்திலும் சில்லிட்டுப் போகாது. அது மேலே ஓடினால் உறைபனி புல்லைத் தொடாது, மற்ற இடத்தைவிட முன்னதாகவே தீனி கிடைக்கும். தேங்கக் கூடாது, ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள். ஆங்கிலத்தில் 'ட்ரௌனர்', மூழ்கடிப்பவர். நம் ஊரில் நீராணிக்காரர், நீர்க்கட்டி என்போமே, அவரேதான். ஒரு மதகின் பலகையில் கை வைத்துப் பார்த்தேன். மரம், ஈரம், விரலுக்கு மேல் வழிகிற தண்ணீர். கையை எடுக்க மனசு வரவில்லை.

ரயிலுக்கு ஒன்றரை மணி நேரம் இருந்தது. "இன்னொரு தடவை கோயிலுக்குள்ள போயிட்டு வரட்டுமா?" என்றேன். மகள் சிரித்துக்கொண்டே பையை வாங்கிக்கொண்டாள். புதன்கிழமை வந்த அதே முதியவர்தான் இருந்தார். ராத்திரி மழை பெய்ததே, மட்டம் ஏறியிருக்குமா என்று கேட்டேன். மூடியைத் திறந்து குச்சியை விட்டு எடுத்துக் காட்டினார். அதே இடத்தில் ஈரம். மேலே பெய்தது இன்னும் குன்றுகளின் சுண்ணாம்புக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது, இங்கே வந்து சேர நாளாகும் என்றார். குச்சியைத் துணியால் துடைத்துவிட்டு மூடியைச் சரியாகப் பொருத்தினார்.